முழுசாய் அணையாத பெட்டி

“போடும்மா” என்கிறாள் மகள் வினோலியா, போடுகிறேன். “அமத்து” என்கிறாள், அமத்துகிறேன். வலது கை சுவிட்சில், இடது கை ஜெபமாலையில், காலையிலிருந்து எனக்கு இதுதான் வேலை. சுவிட்சைப் போட்டால் மேசையில் கிடக்கிற பச்சைப் பலகையில் உளுந்தளவு விளக்கு ஒன்று சிமிட்டிவிட்டு நின்று எரிகிறது. அப்படி எரிந்தால் பெட்டி விழித்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே அவள் செல்போனைப் பார்ப்பாள், அதில் எங்கள் தெரு இருக்கிற இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்து உட்காரும், “வந்துட்டு” என்பாள். ஒவ்வொரு தடவையும் வந்துட்டு. ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். இந்தப் பெட்டிக்குக் கூடப்பிறந்த பெட்டி ஒன்று இவிய வள்ளத்தில், அதாவது என் வீட்டுக்காரர் வள்ளத்தில் இருக்கிறது, அதுவும் இவள் செய்ததுதான், வள்ளம் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நேற்று மத்தியானம் இவிய திரேஸ்புரத்திலிருந்து கடலுக்குப் போனதிலிருந்து ராத்திரி முழுக்க அந்தப் புள்ளி என் தலைமாட்டில் செல்போனில் இருந்தது. விடிந்து எழுந்து பார்த்தால் இல்லை. மற்ற வள்ளங்களெல்லாம் வந்து மீனையும் போட்டாச்சு. இவிய இன்னும் வரவில்லை. பெட்டிதான் செத்ததோ, இல்லை வள்ளமே... வள்ளம் என்பதற்கு அடுத்த வார்த்தையை மனசு தொடும் முன்னே அருள் நிறைந்த மரியே என்று ஒரு மணியை உருட்டித் தள்ளுகிறேன், தள்ளினால் போய்விடுமா, மாலை வட்டம்தானே, சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கிறது.

“எம்மா, எங்க பாக்குற, அமத்து.” அமத்துகிறேன். வினோ குனிந்து சால்டரிங் கம்பியை வைக்கிறாள், ஈயம் உருகி ஒரு புகை எழும்புகிறது. அந்த வாசம் எனக்குக் கோயில் சாம்பிராணியை ஞாபகப்படுத்தும், சொன்னால் சிரிப்பாள், ஈயத்துக்குள்ளயும் பிசின் இருக்கு, ரெண்டும் மரத்துப் பிசின்தாம்மா என்றாள் ஒருநாள். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து இந்தப் பெட்டிக்காகவே உட்கார்ந்தவள், ரெண்டு வருசம், கண்ணுக்குக் கீழே கருத்துப்போச்சு பிள்ளைக்கு. பெட்டி ஒழுங்காய் வேலை செய்தால் சங்கத்து வள்ளம் எல்லாவற்றிலும் மாட்டுவார்கள், வயர்லெஸ் இல்லாத வள்ளங்களுக்கு இதுதான் துணை. முதல் வள்ளம் அப்பா வள்ளமா இருக்கட்டும் என்று இவளேதான் மாட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா, மாதாவே, இந்தப் பெட்டி கெட்டுப்போகட்டும். பச்சை விளக்கு எரியக்கூடாது, புள்ளி வரக்கூடாது, ஒரே ஒரு தடவை இது என் கண்ணுக்கு முன்னால் ஊமையாகட்டும், அப்போதுதான் அங்கே கடலில் ஊமையானதும் பெட்டிதான் என்று நான் நம்புவேன். பெத்தவள் வேண்டுகிற வேண்டுதலா இது. மூத்தவன் டெனிஸ் கப்பலுக்கு எழுதின பரிட்சையில் தேறணும் என்று நடந்தே போய்க் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினவள், இளையவள் உழைப்பு வீணாகணும் என்று மணி உருட்டுகிறேன். “போடு.” போடுகிறேன். சிமிட்டுகிறது. நின்று எரிகிறது. “வந்துட்டு” என்கிறாள். அவள் குரலிலும் சந்தோசமில்லை, களைத்துவிட்டாள் போல.

செல்போன் அடித்தது. மோயீசன். சங்கத்துச் செயலாளர், எனக்குக் கொழுந்தன் முறை, வாயைத் திறந்தால் கேலி. வினோ ஸ்பீக்கரில் போட்டாள். “மதினி, சோறு வச்சாச்சா?” “வச்சாச்சு தம்பி.” “அப்ப கவலய விடுங்க. சோத்து வாசத்துக்கு எங்க கிறகோரி அண்ணன் நீந்தியே வந்துருவாவ.” சிரித்தேன் போலிருக்கிறது, ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஏ பிள்ள வினோ, உன் பெட்டி என்ன மவுன விரதமா? கச்சான் காத்து வேற ஏறிக்கிட்டு வருது. ரெண்டு வள்ளத்த எறக்கித் தேட விடலாமான்னு இங்க யோசிக்கோம். பெட்டி நல்ல பெட்டின்னா அது சும்மா நிக்காது, எறக்கியே ஆகணும். பெட்டிதான் கோளாறுன்னா இந்தக் காத்துல எதுக்கு அந்த ஆளுகளையும் விடணும். நீதான் சொல்லணும்.” வினோ உதட்டைக் கடித்தாள். “கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.” “பாரு பாரு. பத்து வள்ளத்துக்காரனும் என் மூஞ்சியத்தான் பாக்கான்.” வைத்துவிட்டார். ஜன்னல் துணி காற்றில் உப்பி உள்ளே வந்து மேசை மேல் விழுந்தது, வினோ தள்ளிவிட்டாள், மறுபடி வந்தது. கச்சான் காற்றுக்கு ஒரு வாசம் உண்டு, உப்பளத்து மண்ணையும் தூக்கிக்கொண்டு வரும், நாக்கில் கரிக்கும். கல்யாணமான புதிதில் இந்தக் காற்று வந்தால் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன், சாத்தினால் கடலில் காற்று நின்றுவிடும் என்பதுபோல. இவிய சிரிப்பாவ. இப்போது எழுந்து சாத்தணும் போல இருக்கிறது. சுவிட்சில் கை இருக்கிறது.

“எம்மா, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. கடல்ல வச்சு அப்பா மெயின் சுவிட்ச எப்பவாவது அமத்துவாவளா?” எனக்குத் தெரியும். இவியளோடு ரெண்டு தடவை கடலுக்குப் போயிருக்கிறேன், அதைவிட, வந்து உட்கார்ந்தால் இவிய பேசுவதெல்லாம் அதுதானே. டீசல் ஊற்றும்போது அமத்துவாவ. வலையை ஏற்றி முடித்து, விடிகிற நேரம், கேனிலிருந்து டீசல் ஊற்றும்போது பொறி பறந்துவிடக்கூடாது என்று எஞ்சின், மெயின் எல்லாவற்றையும் அமத்திவிட்டுத்தான் மூடியைத் திறப்பாவ. ஆனால் மாதா விளக்கை அமத்த மாட்டாவ. அது தனி பேட்டரி. பனிமய மாதா திருவிழாவில் கடையில் நான்தான் ஜோடியாய் வாங்கினேன், நீல விளக்கு ரெண்டு, ஒன்று வீட்டுப் பீடத்துக்கு, ஒன்று வள்ளத்தில் மாதா படத்துக்கு. இவிய கடலில் இருக்கிற வரைக்கும் ரெண்டும் அணையக்கூடாது, இது எங்களுக்குள் ஒரு பேச்சு, எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. சொல்லலாமா. சொன்னால் இவள் அதேபோல் செய்து பார்ப்பாள். செய்து பார்த்தும் இந்தப் பாழாய்ப்போன விளக்கு சிமிட்டிவிட்டு நின்று எரிந்துவிட்டால்? அதற்கப்புறம் சோதிக்க ஒன்றுமில்லை. அதற்கப்புறம் பெட்டி நல்ல பெட்டி. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது, முடிச்சு அவிழ்க்காத மடிக்குள் ஒரு காசு இருக்கிற மாதிரி, அவிழ்த்துப் பார்த்தால்தானே இல்லை என்று தெரியும். “எம்மா.” டீசல்... என்று வாய் சொல்லிவிட்டது. மனசு இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, வாய் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டது.

வினோ சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள். வைத்த இடம் தாங்கி இல்லை, மேசை விரிப்பு கருகியது, அவள் பார்க்கவில்லை. “மாதா விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்குமா? மெயின் அமந்த பிறகும்?” “இருக்கும் பிள்ள. அது அணையக்கூடாதே.” “அப்புறம் அதோடவே மெயினப் போடுவாவ.” “ஆமா.” அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பெட்டி மாட்டின அன்று இவிய இவளிடம் ஒரு ஆசை கேட்டாவ. “அங்கன மாதா விளக்கு எரியுதான்னு இங்கன உங்கம்மாவுக்குத் தெரியுற மாதிரி வைக்க முடியுமா பிள்ள? அவ அதையேதான் கேப்பா.” மற்ற வள்ளத்துப் பெட்டிகளில் இது இருக்காது, எனக்காக மட்டும் விளக்கிலிருந்து ஒரு வயர் இழுத்துப் பெட்டிக்குள் விட்டாள். அதனால்தான் என் செல்போனில் பச்சைப் புள்ளி பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டும் இருந்தது, விளக்கு எரிகிறது என்று. ராத்திரி நான் பச்சையைவிட அந்த மஞ்சளைத்தான் அதிகம் பார்த்தேன். “அந்த வயர நான் கடைசியாத்தான் மாட்டுனேன்” என்கிறாள் வினோ, என்னிடம் இல்லை, தனக்கே சொல்கிறாள். “கரையில பெட்டிய நானே போட்டு, புள்ளி வந்த பிறகு மாட்டுனேன். இங்க வீட்டுலயும் எல்லாத்தையும் ஒரே பிளக்குல செருகி ஒண்ணாப் போட்டு ஒண்ணா அமத்துதோம். எம்மா, அந்த விளக்க எடுத்துட்டு வா.” எந்த விளக்கை என்று கேட்கவில்லை. பீடத்துக்குப் போனேன். நீலமாய் எரிந்துகொண்டிருந்தது. எரிய எரியவே பேட்டரியோடு சேர்த்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்தேன், சுற்றுப்பிரகாரத்தில் காற்றுக்குக் கையை மறைத்து மெழுகுதிரி கொண்டுபோவது மாதிரி. கரண்டு விளக்குக்குக் காற்று என்ன செய்யும். ஆனாலும் மறைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அவள் வயரை மாட்டினாள். “இப்ப மெயின மட்டும் அமத்து.” அமத்தினேன். பச்சை விளக்கு அணைந்தது. இல்லை, அணையவில்லை. “வினோ, அது...” “பாத்தேன்.” சாம்பலுக்குள் கங்கு மாதிரி, பச்சையா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மினுக்கம். அவள் மீட்டரின் ரெண்டு ஊசியையும் பலகையில் குத்தினாள். “பூஜ்யத்துக்கு வரணும். வரல்ல பாரு. ஒண்ணரை வோல்ட்டுகிட்ட நிக்குது. முன்வாசல அடச்சாச்சு, உன் மாதா விளக்கு பின்வாசல் வழியா ஊட்டிக்கிட்டு இருக்கு. இது சாகவும் இல்ல, உசுரோடவும் இல்ல. இப்பப் போடு.” கை வரவில்லை. சுவிட்சின் மேல் விரல் இருக்கிறது, அழுத்தவில்லை. மாதாவே, வேண்டியதெல்லாம் இந்த ஒரு நிமிசத்துக்குத்தான், என் பிள்ளை செய்த வேலை தோற்கட்டும், என் பிள்ளை என்னை மன்னிக்கட்டும். அழுத்தினேன். பச்சை விளக்கு பளிச்சென்று வந்தது. சிமிட்டவில்லை. அப்படியே நின்றது, செத்த மீன் கண் மாதிரி, வெறுமனே. செல்போனில் எங்கள் தெரு இருக்கிற இடம் காலி. அவள் காத்திருந்தாள். நான் மணியை உருட்டவில்லை, எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. புள்ளி வரவில்லை. வரவே இல்லை. “பாதித் தூக்கத்துல எழும்பியிருக்கு” என்றாள் வினோ. “சிப்பு முழுசா செத்தாத்தான் முழுசா எழும்பும். எங்கருந்து ஆரம்பிக்கணும்னு இதுக்குத் தெரியல்ல.”

பாதித் தூக்கம் என்றதும் எனக்கு இவளே மூன்று வயதில் அடுப்படி நடுவில் வந்து நின்றது ஞாபகம் வருகிறது. கண் முழுசாய்த் திறந்திருக்கிறது, கையில் அகப்பை, என்னைப் பார்த்து யாரு நீங்க என்று கேட்டாள். இவிய பயந்துபோய் வினோ வினோ என்று சத்தம்போட்டு உலுக்க, பிள்ளை வீறிட்டாள் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் பேசவே இல்லை. தூக்கித் தோளில் போட்டு, விளக்கை அணைத்து, அவள் உடம்பு முழுசாய்க் கனத்துத் தூங்கிப்போகிற வரைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். காலையில் எம்மா பசிக்கு என்று எழுந்து வந்தாள். விசுவாசப் பிரமாணத்தில் ஆண்டவர் பாதாளத்தில் இறங்கினார் என்று வருமே, சின்ன வயதில் எனக்கு அந்த இடம் வந்தாலே பயம், வேகமாய்ச் சொல்லித் தாண்டிவிடுவேன், எதற்கு அங்கே போகணும் அவர், நேரே எழும்பக்கூடாதா என்று. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வேதவிளக்கம் தெரியாது. ஆனால் அந்த மினுக்கத்தைப் பார்த்தபோது அடி வரைக்கும் இறங்காமல் எழும்ப முடியாது போல என்று தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம், சாமியார்தான் சொல்லணும். கன்னம் நனைந்திருக்கிறது, நான் சிரித்துக்கொண்டு வேறு இருக்கிறேன், வினோ பார்த்துவிட்டாள். “ஏம்மா சிரிக்க?” என்னால் மறைக்க முடியவில்லை. “உன் பெட்டி கெட்டுப்போகணும்னுதான் பிள்ள காலையிலருந்து வேண்டுதேன்.” அவள் மீட்டரைக் கீழே வைத்தாள். அப்புறம் ஜெபமாலை இருந்த என் கையைப் பிடித்து மேசை மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தாள், விரலெல்லாம் சூடு பட்ட தழும்பு. “நான் மட்டும் என்னத்துக்கு இதப் போட்டுப் போட்டு அமத்துதேன்னு நெனச்ச? இத எப்படியாவது கெடுக்கத்தான் காலையிலருந்து பாக்கேன்.”

“முடியல்லம்மா இன்னும்” என்றாள் உடனே. “விளக்கு இல்லாட்டி எழும்புதான்னும் பாக்கணும். அத அணை.” எதை அணைக்கச் சொல்கிறாள் என்று புரிந்தும் புரியாதவள் மாதிரி நின்றேன். இவிய கடலில் இருக்கும்போது இந்த விளக்கை நான் அணைத்ததே இல்லை. பேட்டரி மாற்றும்போதுகூட இன்னொரு மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுத்தான் மாற்றுவேன். “வயர மட்டும் கழத்தக்கூடாதா பிள்ள?” “கழத்தலாம். ஆனா அப்பா கழத்த மாட்டாவளே. அணைக்கத்தான செய்வாவ.” அணைக்கத்தான் செய்வாவ. அந்த வார்த்தையில் மனசு துணி முள்ளில் மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. அணைப்பாவ. ஆமாம், ஒரு இடத்தில் அணைப்பாவ. வரும்போது கோயில் கோபுரம் முதன்முதலாய்க் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இவிய எஞ்சினை நிறுத்திவிடுவாவ, மெயினையும். சத்தம் எதுவும் இருக்கக்கூடாது. தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒரு பரலோக மந்திரம் சொல்லுவாவ. மாதா வீடே தெரிஞ்ச பிறகு மாதா விளக்கு எதுக்கு என்று அதையும் அங்கேயே அணைத்துவிடுவாவ. அப்புறம்தான் மெயினையும் எஞ்சினையும் போட்டுக் கரைக்கு வருவாவ. இதைச் சொன்னேன். வினோ நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது. “அப்ப கோபுரம் தெரிஞ்சா பெட்டி எழும்பும்” என்றாள். நீல விளக்கின் சின்னச் சுவிட்சைத் தள்ளினேன். நீலம் போயிற்று. மெயினை அமத்தியதும் பலகையிலிருந்த பச்சையும் மெல்ல மெல்ல வடிந்து போயிற்று. மீட்டரில் பூஜ்யம். அவ்வளவு இருட்டாய் எங்கள் வீட்டில் பட்டப்பகலில் ஒன்றும் இருந்ததில்லை. “போடு.” சிமிட்டியது. நின்று எரிந்தது. எங்கள் தெருவில் பச்சைப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

அவள் மோயீசனைக் கூப்பிட்டாள். “சித்தப்பா, பெட்டி கோளாறுதான். விளக்கு எரியும்போது மெயினப் போட்டா ஊமையாயிருது. என் தப்பு. எவ்வளவு கரண்ட் உள்ள போவுதுன்னு அளவு பாத்தேன், எப்ப போவுதுன்னு பாக்கல்ல.” அந்தப் பக்கம் மோயீசன் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. “மாதாவே. அப்ப வள்ளம் எறக்க வேண்டாம்.” “எறக்குங்க சித்தப்பா.” “என்ன பிள்ள சொல்லுத?” “பெட்டி கெடும்னு காட்டிட்டேன். அப்பா நல்லா இருக்காவன்னு நான் காட்டல்ல.”  இவ்வளவு நேரம் ரெண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பெட்டி தோற்றால் கடல் இவியளைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று யார் சொன்னது, நானாய்ப் போட்ட கணக்கு. பெட்டியும் கெட்டு வள்ளமும்... அந்த அடுத்த வார்த்தை வந்தேவிட்டது, காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது, இப்போது தள்ள மணி இல்லை. வா என்று உட்காரவைத்தேன். கவிழ்ந்திருக்கலாம். சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசுக்குள்தான். அதற்கப்புறம் கீழே போக ஒன்றும் இல்லை, ஒரு அமைதி மாதிரி, அமைதி இல்லை, வெறும் தரை. மோயீசன், “சரி, ஒரு வள்ளம் போவட்டும். உன் பெட்டியவிட நீ ஒழுங்காத்தான் இருக்க” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வினோ பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சின்னதாய் ஒரு சிப்பை இடுக்கியில் எடுத்தாள். அந்த வயருக்கு நடுவில் ஒரு கதவு வைக்கப்போகிறாளாம், வீட்டுக்காரன் எழும்பித் தானே திறந்தாலொழிய வெளியாள் உள்ளே வரமுடியாத கதவு. விளக்கு எரியட்டும், எரிகிறது என்று சொல்லட்டும், ஆனால் பெட்டி தன் சொந்தக் கரண்டில் எழும்பின பிறகு சொல்லட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. பிசின் வாசம் வந்தது. நீல விளக்கை மறுபடி ஏற்றணும் என்று கை பரபரத்தது, ஏற்றவில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் துணி உள்ளே வந்து, வெளியே போய், உள்ளே வந்தது. மாலையில் விட்ட இடம் தெரியாததால் முதல் மணியிலிருந்து தொடங்கினேன், சிலுவையிலிருந்து. செல்போன் மேசை மேல் கிடந்தது, எங்கள் தெருவுக்குக் கிழக்கே நீலமாய் வெறும் கடல். வினோ ஈயத்தை ஊதினாள். ஊதினவள் அப்படியே நின்றாள். நானும் பார்த்தேன். கடலில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பச்சைப் புள்ளி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், இருந்தது. நகர்ந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் பொட்டைத் தேடினேன், ராத்திரியெல்லாம் தேடின பழக்கம். இல்லை. விளக்கை அணைத்திருந்தாவ.